பட்டாணி உரிக்கிற விளையாட்டு

பட்டாணி உரிப்பது விளையாட்டாம். சப்பாத்தி மாவை உருட்டுவது விளையாட்டாம். ஈரத்துணியைப் பிழிவது, கொடியில் க்ளிப் மாட்டுவது, பழைய பேப்பரைத் துண்டு துண்டாகக் கிழிப்பது, எல்லாமே விளையாட்டாம். இந்துஜா மேடம் அந்தக் காகிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, எனக்கு இங்கிலீஷ் வராது என்பதால் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்.

"மேடம், இதெல்லாம் என் பொண்ணு தெனமும் வீட்டுல பண்றதுதான். இதையா அந்தம்மா ஒரு மணி நேரம் உக்காந்து எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படித்தான். நினைத்ததைக் கொட்டாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

மேடம் சிரிக்கவில்லை.

"பொன்னிக்கா, இது காமெடி இல்ல. பிப்ரவரி கடைசியில ஸ்கூல்ல பாப்பாவைக் கூப்பிட்டுப் பாப்பாங்க. அவளாவே டிபன் பாக்ஸ் திறக்கணும், பட்டன் போடணும், பென்சில் பிடிச்சுப் பேர் எழுதணும். இல்லன்னா ஒண்ணாங்கிளாஸ் கிடையாது, மறுபடியும் யூகேஜிதான். இதை நீங்கதான் அவகூட உக்காந்து பண்ணணும். உங்களால முடியலன்னா சொல்லிடுங்க, நான் ட்ரெயின்ட் ஆளா பாத்துக்கறேன்."

கடைசி வார்த்தையில் என் சிரிப்பு நின்றுவிட்டது.

என் சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். டெல்லிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மயூர் விஹாரில் இந்த வீட்டில் மட்டும் ஐந்து வருஷம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மேடத்தின் மகள் ஷ்வேதாவுக்கு எட்டு மாதம். மேடமும் ஜெயந்த் சாரும் நொய்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். என் வீட்டுக்காரர் பச்சைமுத்து பெயின்ட் அடிக்கிறவர். குர்காவ் பக்கம் வேலை நடக்கிற இடத்திலேயே தங்கிக்கொண்டு சனிக்கிழமை வருவார், வராமலும் இருப்பார். வீட்டு வாடகை, அரிசி, பள்ளிக்கூடச் செலவு எல்லாம் இந்த ஒரு வேலையை நம்பித்தான். அது போனால் நாங்கள் இல்லை.

அந்தக் காகிதம் வந்த கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நவம்பர் முதல் வாரம் ஒரு வியாழக்கிழமை சியாமளா மேடம் வந்தார். பிள்ளைகளுக்குக் கையையும் விரலையும் பழக்குகிற தெரபி அவருடைய தொழில். மருந்து மாத்திரை எதுவும் கிடையாது. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் முடிப்பார். ஷ்வேதாவிடம் ஒரு துணி க்ளிப்பைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிள்ளையால் முடியவில்லை. பாசிமணி கோர்க்கச் சொன்னார். நூல் ஒரு பக்கம் போனது, மணி ஒரு பக்கம் போனது. சட்டை பட்டனைப் போடு என்றதும், ஷ்வேதா தாடையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பி நின்றாள். தினமும் காலையில் என் முன்னால் நிற்பாளே, அதே மாதிரி.

"சாப்பாடு யார் ஊட்டுறது?" என்று கேட்டார் சியாமளா மேடம்.

"நான்தான்" என்றேன், பெருமையாக வேறு. அந்த வீட்டுத் தரையில் ஒரு பருக்கை சிந்தியதில்லை, அப்படி ஊட்டுவேன்.

அவர் மேடம் பக்கம் திரும்பினார். "டாக்டர் ரிப்போர்ட் எல்லாம் நார்மல். நரம்புல, எலும்புல ஒண்ணும் ப்ராப்ளம் இல்ல. இது யூஸ் பண்ணாத கை, அவ்வளவுதான். எல்லாத்தையும் யாரோ செஞ்சு குடுத்துட்டே இருந்திருக்காங்க, ஹை நா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஷ்வேதாகூட.

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்! ஏழு இருபதுக்கு ஸ்கூல் வேன். "ஜல்தி, ஜல்தி பொன்னிக்கா, வேன் ஹாரன் அடிக்கிறான்" என்று ஐந்து வருஷமாகக் கத்தியது யார்? நானா? நான்கு நிமிஷத்தில் ஒரு பிள்ளைக்குச் சட்டை, ஸ்வெட்டர், ஷூ, தலைவாரல் எல்லாம் முடித்து இடுப்பில் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்குவேன். அப்போதெல்லாம் "பொன்னிக்கா மாதிரி யாரு வரும்" என்று சொன்ன வாய், இப்போது மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஜெயந்த் சார் போனைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டார். நானும் பதில் பேசவில்லை. பேசினால் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

அப்படி வந்ததுதான் அந்தப் பதினான்கு வரிக் காகிதம். தினமும் அதில் மூன்று விளையாட்டு விளையாட வேண்டும், ஒன்றையாவது வீடியோ எடுத்து சியாமளா மேடத்துக்கு அனுப்ப வேண்டும், ஊட்டக் கூடாது, பட்டன் போட்டுவிடக் கூடாது. சொல்லுகிறவர்களுக்கு என்ன? முதல் நாள் ஷ்வேதா க்ளிப்பைத் தூக்கி எறிந்தாள். இரண்டாம் நாள் மாவைச் சுவரில் அப்பினாள். கொண்டைக்கடலையை இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொன்னால், கிண்ணத்தோடு கவிழ்த்துவிட்டு, "பொன்னிம்மா, நீ பண்ணு" என்று என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எட்டு மாதக் குழந்தையாக என் தோளில் தூங்கிய பிள்ளை. எனக்கு மனசு கேட்குமா?

அதனால் திருட்டுத்தனம் செய்தேன். போனை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, ஷ்வேதாவின் விரலுக்குக் கீழே என் விரலை வைத்து அழுத்தினேன். வீடியோவில் அவள் விரல் மட்டும்தான் தெரியும். ஐந்து நாள் அப்படி அனுப்பினேன். ஆறாம் நாள் சியாமளா மேடம் போன் செய்தார்.

"பொன்னிஜி, வீடியோவுல வளையல் சத்தம் நல்லா கேக்குது. ஷ்வேதா வளையல் போட்டிருக்காளா?"

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. "இல்லங்க" என்று மட்டும் சொன்னேன். நல்லவர், மேடத்திடம் போட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் நாள் ஓடுகிறது, கை அசையவில்லை, என்ன செய்வது என்று எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

அந்த வாரம்தான் டெல்லியில் புகை மண்டியது. வருஷா வருஷம் வருவதுதானே. சின்ன வகுப்புகளுக்குப் பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள். ஷ்வேதாவுக்கு வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் வகுப்பு. என் மகள் படிக்கிற அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு லீவு, அவ்வளவுதான். நாலா என்கிற பெரிய சாக்கடைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் குடிசைப் பகுதியில் அவளைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது. மேடத்திடம் கேட்டுக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அவள் பெயர் உமாமகேஸ்வரி. பெயர்தான் நீளம், ஆள் எலும்பும் தோலும். மகேசு என்று கூப்பிடுவோம். ஷ்வேதாவைவிட ஏழு மாதம் மூத்தவள். நான் இந்த வேலைக்குச் சேர்ந்தபோது மகேசுவுக்கு ஒன்றேகால் வயது. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடுவேன். அங்கே அவர்கள் பிள்ளைகளோடு ஒரு தட்டைப் போட்டு இவளுக்கும் வைப்பார்கள். ஒன்றரை வயதில் தானாக அள்ளித் தின்னக் கற்றுக்கொண்டாள். மூன்று வயதில் ஜட்டி துவைத்தாள். நான் காலை ஆறரைக்குக் கிளம்பிவிடுவேன். தானே குளித்து, தானே பட்டன் போட்டு, கதவைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போய்விடுவாள். அவளால் எனக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. சமர்த்து என்று ஊரெல்லாம் சொல்லும், நானும் சொல்லிக்கொள்வேன்.

சமையலறைத் தரையில் அவளை உட்காரவைத்து, சும்மா இருக்காதே என்று ஒரு கிலோ பட்டாணியைக் கொடுத்தேன். மகேசு தோலைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவாள், டப் என்று பிளக்கும், ஐந்தாறு மணியும் ஒரே இழுப்பில் கிண்ணத்தில் விழும். ஷ்வேதா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு காயை எடுத்தாள். அமுக்கினாள். பிளக்கவில்லை. இன்னொரு தரம் அமுக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரலையும் வைத்து அமுக்கினாள். பிளந்தது.

"பொன்னிம்மா! தேக்கோ, பாரு! நான் பண்ணிட்டேன்!"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையைத் தட்டினேன், தூக்கிச் சுற்றினேன், நெற்றியில் முத்தம் கொடுத்தேன். வீடியோ எடுத்து அனுப்பினேன், வளையலைக் கழற்றி வைத்துவிட்டு. ஐந்து நிமிஷத்தில் சியாமளா மேடம் பதில் பேசி அனுப்பியிருந்தார். "வாவ் பொன்னிஜி! பெரியவங்க சொன்னா கேக்காத பசங்க, இன்னொரு குழந்தை செஞ்சா பாத்துச் செய்வாங்க. அந்தப் பொண்ணைத் தெனமும் கூட்டிட்டு வாங்க, ப்ளீஸ்."

மகேசு அதற்குள் கிலோ பட்டாணியையும் உரித்து முடித்து, தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகும் மதியம் ஒரு மணிக்கு அவள் நேரே மயூர் விஹார் வந்துவிடுவாள். இரண்டும் பால்கனியில் துணிக்கு க்ளிப் போடும், மணி கோர்க்கும், மாவில் பாம்பு உருட்டும். ஆனால் ஒரு சிக்கல் வந்தது. மகேசு எதிலும் முந்திவிடுவாள். அவள் பத்து மணி கோர்க்கும்போது ஷ்வேதா ஒன்றில் நிற்பாள். உடனே, "நான் விளையாடல போ" என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். மகேசுவைச் சமையலறைக்குள் இழுத்துக் காதில் சொன்னேன்.

"ஏண்டி, இன்னா அவசரம் உனக்கு? பொறுமையா பண்ணு. வராத மாரி பண்ணு. பாப்பா ஜெயிக்கட்டும்."

"எனக்கு வருதே" என்றாள்.

"வந்தா இன்னா? வராத மாரி நடி. பாப்பா பரிச்சையில தேறலன்னா அம்மாவுக்கு வேலை போயிடும், தெரியுதா?"

தலையை ஆட்டினாள். கெட்டிக்காரி, ஒரு தரம் சொன்னால் போதும். அன்றையிலிருந்து மணியை வேண்டுமென்றே நழுவவிட்டாள், க்ளிப்பைத் தவறவிட்டாள். ஷ்வேதா ஜெயித்தாள். நான் கை தட்டினேன். மேடம் வீட்டில் இருக்கிற நாளில் மேடமும் தட்டுவார். டிசம்பர், ஜனவரி முழுக்க அந்த வீட்டில் கைதட்டல்தான். தட்டின கை எல்லாம் ஒரே பிள்ளைக்குத்தான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சாப்பாட்டு விஷயத்திலும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊட்டக் கூடாது என்று உத்தரவு. ஷ்வேதா தானாகப் பாதித் தட்டு சாப்பிடுவாள், பிறகு கை வலிக்கிறது என்பாள். கடைசி நாலைந்து வாய் நான் ஊட்டிவிடுவேன். யாருக்கும் தெரியாது. மகேசு மட்டும் சமையலறையில் தன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நான் உருண்டை பிடிப்பதையும், "இது காக்காவுக்கு, இது பாப்பாவுக்கு" என்று கதை சொல்வதையும் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள்.

ஜனவரிக் கடைசியில் மகேசுவுக்கு என்னவோ ஆனது.

முதலில் தட்டைத் தவறவிட்டாள். குளிர் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்வெட்டர் பட்டனை ஒன்றுகூடப் போடாமல், நெஞ்சு விறைக்க வந்து நின்றாள். ஏன் என்று கேட்டதற்கு "வரலம்மா" என்றாள். வீட்டில் சோற்றைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி பாயில் சிந்தியது. "இன்னாடி கோணங்கித்தனம்?" என்று அதட்டினேன். அங்கே போடச் சொன்ன வேஷத்தை இங்கேயும் போடுகிறாள் என்றுதான் நினைத்தேன். அதட்டியும் மாறவில்லை. பிப்ரவரியில் அவள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினார். முத்து முத்தாக இருந்த எழுத்து, கோழி கிளறிய மாதிரி கிடந்தது. "தீபாவளி வரைக்கும் நல்லா எழுதிட்டிருந்தா. பென்சில் பிடிக்க மாட்டேங்குறா. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று ஹிந்தியில் சொன்னார்.

இதெல்லாம் ஒட்டுகிற சமாச்சாரமா? அந்தப் பிள்ளையோடு உட்காரவைத்து உட்காரவைத்து, என் பிள்ளைக்கும் கை போய்விட்டதா? நடிக்கச் சொன்னது பலித்துவிட்டதா? யாரிடம் கேட்பது? மேடத்திடம் கேட்டால், அந்தப் பிள்ளையைக் கூட்டி வராதே என்று சொல்லிவிடுவார். கூட்டி வராவிட்டால் ஷ்வேதா ஒரு மணியைத் தொடமாட்டாள். பிப்ரவரி கடைசி வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளையின் கையைவிட எனக்கு அந்தத் தேதி பெரிதாக இருந்தது. இதை எப்படி அலங்கரித்துச் சொன்னாலும் இதுதான் உண்மை.

அந்த நாளும் வந்தது. வியாழக்கிழமை. மேடமும் சாரும் லீவு போட்டுவிட்டு ஷ்வேதாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் சமையலறையில் ஒரே குக்கரை மூன்று தரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்கு மேடம் போன் செய்தார். முதலில் அழுகைதான் வந்தது. பிறகு, "பொன்னிக்கா, பண்ணிட்டா! பாக்ஸ் திறந்தா, ரெண்டு பட்டன் போட்டா, பேர் எழுதிட்டா! எஸ் மட்டும் திரும்பி இருந்துச்சாம், பரவால்லன்னுட்டாங்க!" என்றார். நான் குக்கரைக் கழுவிக் கவிழ்த்தேன். வேலை நிலைத்தது.

மாலை நான்கு மணிக்கு சியாமளா மேடம் சேதி கேட்டு வந்தார். வீடு முழுக்கச் சிரிப்பு. மகேசுவுக்கும் ஒரு பெரிய பெட்டி கொடுத்தார் இந்துஜா மேடம். உள்ளே கலர் மணி, களிமண், வெட்டி ஒட்டுகிற காகிதம் எல்லாம் இருந்தது. மகேசு வாங்கினாள். வாங்கின கையோடு கீழே போட்டாள். மணி எல்லாம் ஹால் முழுக்க உருண்டது.

இனி என்ன பயம் என்று, சியாமளா மேடத்தைப் பால்கனிப் பக்கம் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. மகேசுவை உட்காரவைத்து க்ளிப் கொடுத்தார், பந்து கொடுத்தார், பென்சில் கொடுத்தார். எதுவும் அவள் கையில் நிற்கவில்லை. ஷ்வேதா நவம்பரில் செய்ததை ஒன்று விடாமல் செய்தாள். மணி கோர்க்கும்போது நூல் ஒரு பக்கம், மணி ஒரு பக்கம்.

சியாமளா மேடம் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவளிடம் கொடுத்து, "ஜாவோ, போய் விளையாடு" என்றார். என்னிடம் ஏதேதோ கேட்டுக்கொண்டே கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தோளைத் தொட்டுக் காட்டினார். ஹாலில் சோஃபாவுக்குப் பின்னால் மகேசு தனியாக உட்கார்ந்திருந்தாள். இறுக்கி முறுக்கிய மிட்டாய்த் தாளைச் சர்ரென்று பிரித்தாள். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, அந்தச் சின்னத் தாளை மடித்து மடித்து, விரல்நகம் அளவுக்கு ஒரு கப்பல் செய்தாள்.

"கை பிரமாதமா இருக்கு பொன்னிஜி. ஒரு ப்ராப்ளமும் இல்ல."

"அப்புறம் ஏங்க இப்படிப் பண்ணுது?"

"அதை நீங்கதான் அவகிட்ட கேக்கணும். நான் கேட்டா சொல்லமாட்டா."

இத்தனை நாள் என்னைப் பயமுறுத்தி, டீச்சர் முன்னால் நிற்கவைத்து, தூக்கத்தைக் கெடுத்து! எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. அவளை இழுத்துக்கொண்டு நாலாவைத் தாண்டி நடந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் காலையில் வடித்த சோற்றில் ரசத்தை ஊற்றித் தட்டை அவள் முன்னால் வைத்தேன்.

"தின்னு."

அள்ளினாள். வாய்க்குப் போவதற்குள் விரலை விரித்தாள். சோறு பாயில் விழுந்தது.

ஓங்கி ஒரு அறை விட்டேன். "மிட்டாய் பிரிக்கத் தெரியும், கப்பல் செய்யத் தெரியும், சோறு அள்ளத் தெரியாதா? யார்கிட்ட காட்டறே உன் நடிப்பை? சொல்லுடி! எதுக்குடி இப்படிப் பண்றே?"

அவள் அழவில்லை. கன்னத்தைக்கூடத் தொடவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு, ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்.

"கை வராதவங்க கிட்டதானம்மா நீ உக்காருவே."

அறைந்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"ஷ்வேதா ஒண்ணு பண்ணா தட்றே, தூக்கறே. நான் எல்லாம் பண்றேன், என்னைப் பாக்கவே மாட்றே. அதான் எனக்கும் வராம இருக்கட்டும்னு..." என்று சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று என் முகத்தைப் பார்த்தாள். "இன்னிக்கு ஷ்வேதா தேறிட்டா இல்ல? இனிமே அவளுக்கு வரும். எனக்குத்தான் வராது."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். யாரைத் திட்ட? மேடத்தையா, அந்தக் காகிதத்தையா? சமர்த்து, சமர்த்து என்று சொல்லிச் சொல்லியே பிள்ளையைத் தள்ளி வைத்தது நான்தானே. வராத மாதிரி நடி என்று இதே வாயால் சொல்லிக் கொடுத்ததும் நான்தானே. பாவி, பாவி என்று என் தலையிலேயே இரண்டு போட்டுக்கொண்டேன்.

அப்போது பார்த்து போன் அடித்தது. இந்துஜா மேடம்.

"பொன்னிக்கா, நாளைக்கு ஷ்வேதா ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் வராங்க. மகேசுவையும் கூட்டிட்டு வாங்க, அவ இருந்தா அந்த விளையாட்டெல்லாம் நல்லாப் போகும். இனிமே டெய்லியே வரட்டும், என்ன?"

"மகேசு இனிமே வரமாட்டா மேடம்."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா. வரமாட்டா. இன்னொண்ணு மேடம், நாளையிலேந்து நானும் எட்டரைக்குத்தான் வருவேன். என் பொண்ணைக் கெளப்பி ஸ்கூல்ல விட்டுட்டுத்தான் வருவேன்."

"ஷ்வேதா வேன் ஏழு இருபதுக்கு, பொன்னிக்கா" என்றார்.

"தெரியும் மேடம். பட்டன் அதுவே போட்டுக்கும். கொஞ்சம் முன்னாடி எழுப்பி விடுங்க, போதும்."

"அப்படின்னா நான் ஜெயந்த்கிட்ட பேசிட்டுத்தான் சொல்லணும்" என்று வைத்துவிட்டார். காலையில் அவர் போன் வரும், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாலும் சொல்லுவார். அந்த வாடகை, அந்த அரிசி, எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கத் தோன்றவில்லை.

பாயில் சிந்தியதை எடுத்துவிட்டுத் தட்டை என் மடியில் வைத்துக்கொண்டேன். "வா, கிட்ட வா" என்றேன். நம்பாமல் பார்த்தாள். பிறகு முழங்காலால் நகர்ந்து வந்து, என் தொடையை ஒட்டி உட்கார்ந்து, வாயைத் திறந்தாள்.

சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்து வைத்தேன். கன்னம் உப்பிவிட்டது, மெல்ல முடியாமல் திணறினாள், ரசம் தாடை வழியாக வழிந்தது.

"பெருசா போச்சாடி?"

வாய் நிறைய சோற்றோடு, "இல்லம்மா, செரியா இருக்கு" என்று பொய் சொன்னாள்.

ஷ்வேதாவுக்கு எவ்வளவு பிடிக்க வேண்டும், எத்தனை வாய் ஊட்ட வேண்டும், எந்த வாயோடு நிறுத்த வேண்டும் என்று என் விரலுக்கு மனப்பாடம். என் மகள் வாய்க்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அவளுக்கு ஊட்டியதில்லை. அவள் முழுங்கும் வரை காத்திருந்து, அடுத்ததைச் சின்னதாகப் பிடித்தேன்.